பழைய லாரி இன்ஜினில் சத்தம்: பிரிப்பதற்கு முன் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

"அண்ணே, இன்ஜின் அடிக்குது" என்று மாதவரத்திலோ மணலியிலோ பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிற ஓட்டுநரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது அடிக்கிறது என்பதுதான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டுமா, சூடேறிய பிறகா? ஐடிலிலா, லோடோடு மேம்பாலம் ஏறும்போதா? ஆக்சிலரேட்டரை விட்டதும் கூடுகிறதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? டேங்கில் ஏர் ஏறும்போது மட்டும் வருகிறதா? இதற்கெல்லாம் பதில் வாங்காமல் ஸ்பானரை எடுத்தால், நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் வெளியே தொங்கும் ஒரு கம்ப்ரஸரையோ புல்லியையோ மாற்ற வேண்டி வரும். சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கும் செலவு, கேஸ்கெட், இரண்டு நாள் வாடகை இழப்பு எல்லாம் வீண்.

இங்கே சொல்லப்படுவது மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு: டாடா 697 இன்ஜின், பழைய லேலண்ட் இன்ஜின்கள் போன்றவை. காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டிக்கும் காதால் கேட்கும் பகுதி பொருந்தும். ஆனால் அதில் ஓடும் இன்ஜினில் டீசல் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. அதற்குள் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

தொடங்கும் முன் சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரல். கேபினைச் சாய்க்கிற வண்டி என்றால் ஸ்டே ராடு லாக் விழுந்திருப்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் கயிறு எதுவும் ஃபேன் பக்கம் வேண்டாம்.

முதலில் ஆயில்

சத்தத்தைக் கேட்பதற்கே முன் டிப் ஸ்டிக்கை இழுங்கள். அளவு குறைவாக இருந்தால் நிரப்பிவிட்டுப் பிறகு கேளுங்கள். அளவு கூடியிருந்தால் அது இன்னும் மோசம்: ஆயிலில் டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது. ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாசனை தெரியும். பிசுபிசுப்பு இல்லாமல் நழுவும். ஃபீட் பம்ப், டீசல் பம்பின் உள் சீல், ஒழுகும் நாசில் (சிலிண்டருக்குள் டீசல் தூவும் முனை) ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். இந்த இரண்டில் எது இருந்தாலும் பேரிங்குக்கு ஆயில் படலம் நிற்காது. அந்த நிலையில் இன்ஜினை ஓட்டிச் சத்தம் தேடுவதே பேரிங்கைத் தின்றுவிடும்.

டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் சென்சார் முனையும் எர்த் வயரும் பச்சை பிடித்திருக்கும். காட்டுவது எதுவும் சரியாக இருக்காது. சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஐடிலில் 1 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு 1 கிலோ, ஏறக்குறைய 1 பார்) மேலும், 2000 ஆர்.பி.எம். அருகே 3 கிலோவுக்கு மேலும் இருந்தால் பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்குக் கவலையில்லை. சூட்டில் அரைக் கிலோவுக்கு விழுந்து, கூடவே அடியிலிருந்து கனமான தட்டும் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மேற்கொண்டு எந்தச் சோதனையும் ஓடும் இன்ஜினில் வேண்டாம்.

அடுத்து ஆயில் ஃபில்டர். கழற்றி, மடிப்புத் தாளை வெட்டி விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் கருந்துகள் ரிங், கேம், கியர் பக்கத்திலிருந்து வந்த இரும்பு. காந்தத்தில் ஒட்டாத வெள்ளைத் துகள் பிஸ்டன் அலுமினியமாகவோ பேரிங்கின் மேல்பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிற மினுக்குத் துகள் என்றால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு புஷ் தேய்கிறது. காது சொல்வதும் ஃபில்டர் காட்டுவதும் ஒத்துப்போனால் மட்டும் சம்பை இறக்குங்கள்.

வெளியே தொங்குபவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள்

இன்ஜின் தட்டு என்று பட்டறைக்கு வருவதில் ஏர் கம்ப்ரஸர் தனி இடம் பிடிக்கும். அதற்கும் பிஸ்டன், கனெக்டிங் ராடு, பிக் எண்ட் (ராடு கிராங்கில் மாட்டும் பெரிய முனை) எல்லாம் உண்டு. பேரிங் தேய்ந்தாலும், அதன் பிஸ்டன் தலையில் கார்பன் கட்டினாலும், இன்ஜின் பிளாக்கில் நேராக மாட்டியிருப்பதால் "டொக் டொக்" என்று முழு இன்ஜினும் அடிப்பது போலவே கேட்கும். பெரிய பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வைக்கிற சத்தம் இது.

சோதிப்பது எளிது. ஏர் டேங்கைக் காலி செய்துவிட்டு இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஏர் ஏறிக்கொண்டிருக்கும்போது தட்டு கேட்கிறதா என்று பாருங்கள். வண்டியைப் பொறுத்து 7 முதல் 8 கிலோவில் அன்லோடர் (டேங்க் நிறைந்ததும் கம்ப்ரஸரின் சுமையை விடுவிக்கும் வால்வு) "புஸ்" என்று விட்டதும் கம்ப்ரஸர் சும்மா சுழலும். அந்தக் கணத்தில் தட்டு குறைந்தாலோ நின்றாலோ, பிரச்சினை அதில்தான். பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஏரை இறக்குங்கள்; கம்ப்ரஸர் மறுபடி ஏற்றத் தொடங்கியதும் தட்டு திரும்பினால் சந்தேகமே வேண்டாம். அப்படியும் தெளிவில்லை என்றால், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்கு பெல்ட்டைக் கழற்றுங்கள். கியரில் ஓடுவது என்றால், இன்ஜினை நிறுத்தி, ஏரை முழுக்க இறக்கிவிட்டு, சூடு ஆறியபின் டெலிவரி பைப் நட்டைக் கழற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் இல்லாமல் பிரேக் பிடிக்காது. அதனால்தான் கட்டை முக்கியம். டேங்க் வடிகாலில் தண்ணீரோடு ஆயிலும் கொட்டினால் கம்ப்ரஸர் ரிங்கும் தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெல்ட் பக்கம். குளிர்ந்த இன்ஜினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் சுற்றாததால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் போய்விட்டால் டைனமோ, வாட்டர் பம்ப், ஐட்லர் இந்த மூன்றில் ஒன்று. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள்; கரகரப்பு விரலுக்கே தெரியும். வாட்டர் பம்ப் அடியிலுள்ள சிறு துளையில் கூலன்ட் வடிந்த தடம் இருந்தால் சீல் போய், பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. "கீச்" என்ற சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து சற்று நேரத்தில் நின்றால் தளர்ந்த பெல்ட்; புல்லி பள்ளத்தில் கண்ணாடிப் பளபளப்பு இருந்தால் பெல்ட்டை இறுக்கி மட்டும் பயனில்லை.

கிராங்க் முன்புல்லியையும் பாருங்கள். டாம்பர் (அதிர்வு தாங்கும்) ரப்பர் பிரிந்தாலோ நடுபோல்ட் தளர்ந்தாலோ வரும் தட்டு, மெயின் பேரிங் (கிராங்கைத் தாங்குவது) தட்டு போலவே ஆழமாக இருக்கும். சுண்ணாம்புக் கோடு ஒன்றை உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை இழுத்து, ஓட்டி நிறுத்திப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ரப்பர் விட்டுவிட்டது.

இடத்தைக் குறுக்குவதற்கு நீளமான ஸ்க்ரூடிரைவரே போதும். முனையைப் பாகத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். ஒரே பாகத்தில் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதைக் குறியுங்கள். இரும்பு வழியே சத்தம் தூரம் போகும் என்பதால் ஒரு இடத்தில் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. கேஸ்கெட் லீக் போன்ற காற்றுச் சத்தத்துக்கு ஸ்க்ரூடிரைவர் உதவாது. இரண்டு மூன்று அடி ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிபோல்டு ஓரமாக நகர்த்துங்கள்.

சிலிண்டரை வெட்டிப் பார்த்தல்

வெளிப்பாகங்கள் எல்லாம் சுத்தம் என்றால் இனி உள்ளே. மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இதைவிட நல்ல சோதனை இல்லை. இன்ஜினைச் சூடாக்கி 700 ஆர்.பி.எம். அளவில் வையுங்கள். கண்ணாடி போட்டு, கைக்கு உறை மாட்டி, நாசில் பக்கத்து ஹைபிரஷர் பைப் நட்டின் மேல் துணியைச் சுற்றி, 17 அல்லது 19 ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டர் எரிவது நிற்கும்; இதைத்தான் சிலிண்டரை வெட்டுவது என்கிறோம். இன்ஜின் ஓட்டம் சற்று இறங்கும். கேட்டுவிட்டு இறுக்குங்கள், அடுத்ததற்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

நட்டைத் தளர்த்தியும் இன்ஜின் ஓட்டம் இறங்கவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. தட்டோடு மிஸ்ஸிங்கும் இருக்கிறது என்று பொருள். ஓட்டம் இறங்கி, கூர்மையான "டக் டக்" முழுக்க நின்றால் முதல் சந்தேகம் நாசில் மேல். கனமான தட்டு நிற்காமல் மங்கினால் பிக் எண்ட் அல்லது பிஸ்டன். தட்டு மங்காமல் "டக்-டக்" என்று இரட்டையாகப் பிரிந்தால் பிஸ்டன் பின் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். எந்தச் சிலிண்டரை வெட்டினாலும் மாறாத சத்தம் டேப்பட் (வால்வைத் திறக்கும் அமைப்பு), டைமிங் கியர், மெயின் பேரிங், ஃப்ளைவீல் பக்கம்.

நாசில் என்று தெரிந்தால், அதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். தட்டும் கூடவே இடம் மாறினால் நாசில்தான். டெஸ்டரில் திறக்கும் அழுத்தம், தூவல், சொட்டு மூன்றையும் பாருங்கள். பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் திறக்கும் அழுத்தம் 200 பார் அருகே இருக்கும். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களில் நாசில் கெடுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கேட் வரிசையில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்பதால் எரியறை சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, நாசில் முனையில் கார்பன் கட்டும். தூவல் கெட்டுச் சொட்டத் தொடங்கும். லைனரும் பளபளப்பாகி ஆயில் குடிக்கும். வரிசை நகராத நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடுவதே இதற்கு மருந்து.

ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி கடுமையாக அடித்தால் நாசிலைத் தேடாதீர்கள். டீசல் பம்ப் கழற்றிப் போட்ட பிறகு வந்த சத்தம் என்றால் டைமிங் முன்னால் போயிருக்கிறது. இன்ஜின் பெயர்ப்பலகையில் குறித்த டிகிரிக்கு வையுங்கள். பம்பைத் தொடாமலே வந்தது என்றால் டீசலைச் சந்தேகியுங்கள்: ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர், கலப்பட டீசல், அல்லது உறிஞ்சும் பைப்பில் காற்று. காற்று என்றால் தட்டு சீராக இருக்காது, வந்து வந்து போகும். கை பம்பை அடித்து ஃபில்டர் ஸ்க்ரூவிலும் பிறகு பம்ப் ஸ்க்ரூவிலும் குமிழி நிற்கும்வரை காற்றை விடுங்கள். மறுநாள் மறுபடி வந்தால் வாஷர், ஹோஸ், டேங்க் பைப்பில் ஓட்டை தேட வேண்டும்.

டேப்பட்

கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 600 ஆர்.பி.எம். ஐடிலில் ஒரு டேப்பட் விநாடிக்கு ஐந்து தடவை தட்டும். கிராங்க் அதற்குள் பத்து சுற்றுப் போகும். மேலே, லேசாக, கிராங்கின் பாதி வேகத்தில் "டிக் டிக்" என்றால் டேப்பட் கவரைத் திறங்கள்.

குளிர்ந்த இன்ஜினில்தான் செட் செய்ய வேண்டும். ஸ்டாப் லிவரை இழுத்துக் கட்டிவிட்டு கிராங்க் புல்லி நட்டில் இன்ஜினைச் சுற்றுங்கள். ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கத் தொடங்கும் இடத்தில் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) ஒரே நேரத்தில் ஆடும். அப்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும், அதைச் செட் செய்யலாம். இந்த ஜோடிகள் 1-6, 2-5, 3-4. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4 ஆனாலும் 1-4-2-6-3-5 ஆனாலும் ஜோடி மாறாது. செட் செய்யும் வரிசைதான் மாறும். ஒவ்வொன்றுக்கும் 120 டிகிரி சுற்றுங்கள். 697 இன்ஜினுக்கு இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்பது வழக்கம். லேலண்ட் இன்ஜின்களில் மாடலுக்கு மாடல் வேறு. இன்ஜின் பெயர்ப்பலகையையும் கையேட்டையும் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாகப் பிடித்து நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பிவிடும்.

கேஜ் சரியாகக் காட்டியும் டிக் சத்தம் போகவில்லை என்றால் ராக்கரின் முனையை விரலால் தடவுங்கள். வால்வு தண்டு இடித்து இடித்து அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போல உட்கார்ந்து, உண்மையான இடைவெளியைக் குறைத்துக் காட்டும். ராக்கரை மாற்றுவதே வழி. வளைந்த புஷ் ராடு, தேய்ந்த ராக்கர் புஷ் ஆகியவையும் இதே சத்தம் தரும். புஷ் ராடை ஒரு கண்ணாடியின் மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

சத்தம் போக வேண்டும் என்பதற்காக இடைவெளியைக் குறைத்து வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். லேசாகத் தட்டும் டேப்பட் இன்ஜினைக் கொல்லாது, சத்தமே இல்லாத டேப்பட் கொல்லும்.

அடியிலிருந்து வரும் கனமான தட்டு

பிஸ்டன் தட்டு காலையில் பலமாக இருந்து, சூடேற ஏறக் குறையும். பிக் எண்ட் நேரெதிர்: சூடாகி ஆயில் இளகும்போது கூடும், லோடில் கூடும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டதும் ஒரு கணம் கடகடக்கும். மெயின் பேரிங் அதைவிட ஆழமான "தும் தும்". லோடில் மட்டும் கேட்கும், ஒரு சிலிண்டரை வெட்டினால் பெரிதாக மாறாது. கூடவே ஆயில் பிரஷரும் விழுந்திருக்கும்.

கிளட்ச்சை மிதிக்கும்போது அடித்தட்டு மாறினால் கிராங்க் முன்பின் ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. மிதித்தால் மட்டும் கரகர என்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கேட்டு மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். இந்த இரண்டுக்கும் இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை.

பிக் எண்ட் என்று உறுதியானால் சம்பை இறக்கி, ஒவ்வொரு ராடையும் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேல்கீழாக "டிக்" என்று தெரிந்தால் அதுதான். மூடியைக் கழற்றி, ஷெல்லில் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) செம்பு தெரிகிறதா, ஜர்னலில் (கிராங்கில் பேரிங் சுற்றும் பகுதி) நகம் மாட்டும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். புது ஷெல்லை மட்டும் மாட்டி அனுப்பாதீர்கள். அந்த வண்டி வெகு சீக்கிரம் அதே தட்டோடு திரும்பி வரும். ஜர்னலை மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்து, முட்டை வடிவம் ஆகியிருந்தால் கிராங்க் கிரைண்டரில் 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடுங்கள். அதைவிட முக்கியம், பேரிங் ஏன் போனது என்று கண்டுபிடிப்பது: அடைத்த ஸ்ட்ரெய்னர், தேய்ந்த ஆயில் பம்ப், ஒட்டிய ரிலீஃப் வால்வு, டீசல் கலந்த ஆயில். ராடு போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். டார்க் ரென்ச் இல்லாமல் இறுக்க வேண்டாம்.

மற்றவை

காலையில் "சப் சப்" என்று ஊதி, சூடானதும் நிற்கும் சத்தம் மேனிபோல்டு கேஸ்கெட். இரும்பு விரிந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. கருப்புப் புகைக்கோடு இடத்தைக் காட்டும். கடலோர வண்டிகளில் ஸ்டட் துருப்பிடித்து உடையும் என்பதால், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

டர்போவில் "உய்ங்" என்ற மெல்லிய ஒலி இயல்பு. சைரன் போல ஏறினாலோ உலோகம் உரசினாலோ ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டுங்கள். பிளேடு உறையில் தொட்டால் ஓட்டாதீர்கள். வெறும் "ஸ்ஸ்" என்றால் கிளாம்ப். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் அதை அன்றே மாற்றுங்கள். மணலி, எண்ணூர் சாலைப் புழுதி நேராக லைனருக்குப் போகும். பிறகு கம்ப்ரஷன் எடுத்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் 3, 4 பாருக்கு மேல் வித்தியாசம் காட்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல வெள்ளம் ஏறி, தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட்டர் போட்டு எழுப்பக் கூடாது. தண்ணீர் சுருங்காது, ராடு வளையும். நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் எல்லா ஃபில்டரும் மாற்றிய பிறகே ஸ்டார்ட். அப்படிச் செய்யாமல் ஸ்டார்ட் ஆகி, ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்து புதிதாகத் தட்டினால் அந்த ராடு வளைந்திருக்கிறது.

வழியில் சத்தம் வந்தால் எதை ஓட்டலாம்? டேப்பட், மேனிபோல்டு லீக், தளர்ந்த பெல்ட் இவற்றோடு மெதுவாகப் பட்டறை வரை வரலாம். கம்ப்ரஸர் தட்டினால் ஏர் ஏறுகிறதா என்று பார்த்தபிறகே நகருங்கள். ஏர் இல்லையென்றால் இடத்தை விட்டு அசைய வேண்டாம். வாட்டர் பம்ப் பேரிங் ஆடினால் நிறுத்துங்கள், ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். கனமான அடித்தட்டோடு ஆயில் பிரஷர் இறங்கியிருந்தால், மீஞ்சூரிலிருந்து மாதவரம் எட்டிவிடும் தூரம்தானே என்று ஓட்டாதீர்கள். ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்தால் இன்ஜினே புதிதாக வேண்டும். இழுவை வண்டியை அழையுங்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் நின்ற நிலையில் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாமல் அதன் பேரிங்குகளும் சேர்ந்து போகும்.